தீர்மான நோட்டு: ஆனைமலைக் குறிப்புகள்

வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணி. ஐந்தாம் வகுப்பில் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் முதல் கூட்டம். தலைமையாசிரியை மேலிடத்துச் சுற்றறிக்கையை வாசித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. பிறகு ஒரு நீள நோட்டு சுற்றி வந்தது. தீர்மானங்களை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். கீழே ஒன்று முதல் இருபது வரை எண் போட்டுக் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. ஒவ்வொருத்தரும் நோட்டை மடியில் வைத்துப் பேரை எழுதிவிட்டு அடுத்தவர் பக்கம் நகர்த்தினார்கள். நான் எழுதிப் பிழைக்கிறவள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று ஊருக்குச் சொல்கிறவள். அன்றைக்கு நானும் படிக்காமல்தான் போட்டேன். பிறகு டீயும் பிஸ்கட்டும் வந்தன.

அந்தக் கையெழுத்து வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

*

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 21ஆம் பிரிவைத் தேடிப் படித்தேன். அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலாண்மைக் குழு வேண்டும். உறுப்பினரில் முக்கால்வாசிப் பேர் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின், ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் எவ்வளவு பேர் படிக்கிறார்களோ அந்த விகிதத்தில் அவர்களுடைய பெற்றோருக்கும் இடம். வேலை என்னவென்றால், பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, அரசு கொடுக்கும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது.

தமிழ்நாட்டில் பல வருடம் இது காகிதத்திலேயே கிடந்தது. 2022 மார்ச் 20, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாநிலத்தின் சுமார் 37,000 அரசுப் பள்ளிகளிலும் பெற்றோரைக் கூட்டினார்கள். அதற்குப் பிறகு குழுக்களை மாற்றி அமைத்தார்கள். இருபது பேர். பதினைந்து பெற்றோர், தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருவர், கல்வி ஆர்வலர் ஒருவர். 2024இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள்.

சட்டத்தில் 'கண்காணித்தல்' என்று ஒரு சொல் இருக்கிறது. கண்ணும் காணுதலும் சேர்ந்த சொல். கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை. இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சிறிது நேரம் வேறு வேலை ஓடவில்லை.

*

நான்காவது கூட்டம். எங்கள் தலைவி நார் மில்லில் வேலை பார்க்கிறவர். மகள் மூன்றாம் வகுப்பு. நோட்டு அவரிடம் முதலில் போனது. வாங்கினார், பேனாவைத் தொடவில்லை.

"ஏனுங் டீச்சர், இதுல என்ன எழுதியிருக்குதுன்னு ஒருக்காப் படிச்சுச் சொல்லீட்டீங்கன்னா, கையெழுத்துப் போட்டுர்றனுங்."

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தலைமையாசிரியை கோபித்துக்கொள்ளவில்லை. இதை எழுதியே ஆக வேண்டும். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். இரண்டாவது தீர்மானம், குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்யப்பட்டது என்பது.

"எப்பங் கழுவுனது?"

டீச்சர் கணக்குப் பார்த்தார். ஆள் வரச் சொன்னதாகவும், வந்ததாகத்தான் நினைப்பு என்றும் சொன்னார். இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்பு, அறுபத்து நான்கு பிள்ளைகள், மேலே போக வேண்டிய புள்ளிவிவரம் வேறு. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை.

கடைசி வரிசையில் இளநி வெட்டப் போகிற அப்பா ஒருத்தர் இருந்தார். மூன்று கூட்டத்திலும் வாய் திறக்காதவர். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். "எனக்கு எழுதறதுக்கு வராதுங். ஏறிப் பாக்கறனுங்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஏணி தேவைப்படவில்லை. குழாயைப் பிடித்து மொட்டைமாடிக்குப் போய், தொட்டி மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். நாங்கள் எல்லோரும் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து குரல் கணீரென்று வந்தது: "அடியில ஒரு சாண் சேறு கெடக்குதுங்!"

அந்தத் தீர்மானத்தை டீச்சரே ஸ்கேல் வைத்து அடித்தார். பக்கத்தில் சிவப்பு மையில் 'வரும் சனிக்கிழமை கழுவப்படும்' என்று எழுதினார். அதற்குக் கீழேதான் நாங்கள் கையெழுத்துப் போட்டோம்.

*

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மேற்பார்வை பார்க்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

விடியற்காலையில் பால் சொசைட்டிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கேனைக் கொடுத்துவிட்டு யாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. லாக்டோமீட்டர் எவ்வளவு முழுகுகிறது, அட்டையில் எவ்வளவு எழுதுகிறார், லிட்டரில் புள்ளிக்கு அந்தப்பக்கம் என்ன போட்டார், எல்லாவற்றையும் எட்டிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடமே போகாத ஆத்தாவுக்குக்கூட அட்டையில் உள்ள எண் அத்துபடி.

ஆழியாற்றுப் பழைய ஆயக்கட்டும் அப்படித்தான். பெரியணை, அரியாபுரம், காரப்பட்டி, பள்ளிவிளங்கால், வடக்கலூர் என்று ஐந்து வாய்க்கால்கள் இந்த ஊர்ப்பக்கத்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருகின்றன. யாருக்கு எந்த நாள் முறை, மடை எந்நேரம் திறந்து எந்நேரம் அடைத்தது என்பதைப் பெரியவர்கள் நோட்டு இல்லாமலேயே சொல்வார்கள். ஒரு நாழிகை குறைந்தால் அன்றைக்கே கேட்டுவிடுவார்கள்.

அதே ஆட்கள்தான் பள்ளிக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கட்டி நிற்கிறார்கள். பாலும் தண்ணீரும் தனக்குப் பாத்தியப்பட்டது, கல்வி யாரோ கொடுப்பது என்று எந்தக் காலத்திலோ மனத்தில் பதிந்துவிட்டது.

*

அது எப்படிப் பதிந்தது என்று கொஞ்சம் யோசிக்கிறேன்.

எங்கள் பள்ளிப் பெயர்ப்பலகையில் இன்னும் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி' என்றுதான் இருக்கிறது. கோவை மாவட்டத்தின் பன்னிரண்டு ஒன்றியங்களில் ஆனைமலையும் ஒன்று. வெள்ளைக்காரன் காலத்தில் 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் ஜில்லா கல்விக் கவுன்சில்களைக் கொண்டுவந்தது. 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு கிராமத் தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களின் கைக்கு வந்தன. சேர்மன் ஊர்க்காரர். வாத்தியார் வரவில்லை என்றால் சேர்மன் வீட்டுத் திண்ணையில் போய்ச் சொல்லலாம். அதில் கெடுதலும் இருந்தது, சேர்மன் மனம் கோணினால் வாத்தியாரின் மாறுதல் மறுநாளே வரும். 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆசிரியருக்கு அது பெரிய விடுதலை, நியாயமான விடுதலை. பள்ளியின் கடிவாளம் மட்டும் ஊரைவிட்டுப் போனது. பலகையில் பேர் மிஞ்சியது.

கொடுக்கிற பழக்கம் இதற்கும் முந்தியது. பொள்ளாச்சிக்குப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம்தான் 1952 முதல் 1962 வரை இந்த மாநிலத்தின் கல்வி அமைச்சர். காமராஜர் முதலமைச்சர், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியபோது ஊரார் கொடுத்த அரிசியையும் பணத்தையும் நம்பித்தான் தொடங்கினார்கள். அடுத்து வந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் ஊராக மக்கள் பெஞ்சும் மணியும் கடிகாரமும் நிலமும் கொடுத்தார்கள். நினைத்துப் பார்த்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. கொங்கு நாட்டில் பள்ளிக்கூடத்துக்கு இடம் எழுதிக்கொடுக்காத பண்ணையம் குறைவு.

ஆனால் கல்வெட்டில் ஏறியது கொடுத்தவர் பேர். அவருடைய பேரன் இன்றைக்குப் பொள்ளாச்சியில் வேனில் போய்ப் படிக்கிறான். கொடுத்தவரின் தோப்பில் மட்டை பொறுக்கியவரின் பேத்திதான் இந்தப் பள்ளியில் படிக்கிறாள். பள்ளியைப் பற்றி யாராவது கேட்பதென்றால் கல்வெட்டில் பேர் உள்ளவர் கேட்கலாம் என்பதுதான் ஊர் வழக்கமாக இருந்தது. பிள்ளை படிக்கிற ஒரே காரணத்துக்காக ஒருத்தி கேட்கலாம் என்று சட்டம் சொன்னது இந்த நாட்டில் புதுசு. கொடுப்பதற்கு ஒன்றுமில்லாதவளுக்கும் அங்கே கேள்வி உண்டு. குழுவில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

*

மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல் இருக்கிறது. களவு கொடுத்தவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், வஞ்சிக்கப்பட்டவர்கள் மிளகாய் அரைத்து அந்தக் கல்லில் பூசி முறையிடுவார்கள். எங்கெங்கிருந்தோ பெண்கள் வருகிறார்கள். கண் எரிய எரிய அரைத்துக்கொண்டே தன் வழக்கைச் சொல்கிற குரலில் தயக்கமே இருக்காது. தலைவியைக்கூட ஒரு வெள்ளிக்கிழமை அங்கே பார்த்தேன். அந்தக் குரலைக் கூட்டத்துக்கும் கொண்டுவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அதற்கு முன்பே கொண்டுவந்திருந்தார்.

*

மூன்று மணிக்குக் கூட்டம் என்றால் யார் வர முடியும்?

நார் மில்லில் பாதியில் கிளம்பினால் அரைநாள் சம்பளம் போகும். மட்டை உரிக்கிறவருக்கு எண்ணிக்கைக் கூலி, உரிக்காத காய்க்குக் காசில்லை. இளநி லோடு ஏறும் நாளில் வெட்டுக்காரர் தோப்பைவிட்டு நகர முடியாது. தென்னையில் வேர்வாடல் வந்து மரம் மரமாக வெட்டிச் சாய்த்த பிறகு வேலையே சுருங்கிக் கிடக்கிறது. கிடைத்த நாளை யாரும் விட மாட்டார்கள். சட்டம் யாரை மனத்தில் வைத்து முக்கால்வாசி இடம் கொடுத்ததோ அவர்களால்தான் வர முடியவில்லை. வந்துவிடுவது என்னைப் போல வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள்.

இதைத் தீர்மானமாகவே கொண்டுவந்தோம். வேலைவிட்டு வரும் நேரம் ஆறு, ஆறரை. டீச்சருக்குப் பஸ் ஆறு மணிக்கு. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஐந்தே கால் என்று முடிவானது. மில் மேஸ்திரியிடம் தலைவி தானே போய்ப் பேசி, மாதம் ஒரு நாள் ஒரு மணி நேரம் முன்னதாக விடக் கேட்டு வாங்கினார். அடுத்த கூட்டத்துக்குப் பதினாறு பேர் வந்தார்கள். சிலர் முடியில் நார்த்தூசியோடு.

அரசு இதற்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்தாலும் தவறில்லை என்பது என் எண்ணம். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கூட்டம், ஒரு குழுவுக்குப் பதினைந்து பெற்றோர். வேறு பல கமிட்டிகளுக்குப் படி இருக்கிறது.

*

பணம்.

ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து வருகிறது. முப்பது பிள்ளை வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய், நூறு வரை 25,000, இருநூற்று ஐம்பது வரை 50,000. அதில் பத்தில் ஒரு பங்காவது சுத்தம் சுகாதாரத்துக்குச் செலவாக வேண்டும். எங்கள் பள்ளிக்கு 25,000. அறுபத்து நான்கு பிள்ளைக்கு வகுத்தால் தலைக்கு 390 ரூபாய் சொச்சம். வருடத்தில் இருநூறு நாள் பள்ளி என்று வைத்தால் நாளைக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. சாக்பீஸ், பதிவேடு, பல்பு, குழாய், எல்லாம் அதற்குள். சுத்தத்துக்கு 2,500, மாதம் 208 ரூபாய். இந்தக் கணக்கை நான் கரும்பலகையில் போட்டேன். ஒருத்தரும் பேசவில்லை. "டீச்சரைக் கொறை சொல்லிப் புண்ணியமில்லீங்" என்று சுயஉதவிக் குழுக்காரம்மா மெல்லச் சொன்னார்.

அந்த இரண்டு ரூபாயும் நேரத்துக்கு வருவதில்லை. 2024-25ஆம் ஆண்டுக்கு இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, பிஎம் ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. டெல்லிக்கும் சென்னைக்கும் வழக்கு. அதன் கடைசி நுனி எங்கள் பள்ளிக் கழிப்பறைக் குழாயில் வந்து நிற்கிறது. பிள்ளைகளின் பணத்தை வைத்துப் பேரம் பேசியதை நான் எந்தப் பெயர் சொல்லியும் நியாயப்படுத்த மாட்டேன்.

பணம் குறைவு என்பதற்காகக் கணக்கைப் பார்க்காமல் விடலாமா என்றால், குறைவான பணத்துக்குத்தான் கணக்கு இறுக்கமாக வேண்டும். ரசீதுக் கோப்பை முதல்முறை திறந்தபோது தலைவி ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பினாயில், பிளீச்சிங் பவுடர், தென்னந்துடைப்பம். துடைப்ப ரசீதில் விரல் நின்றது. "தொடப்பத்தைக் காசு குடுத்தா வாங்குனீங்? நம்மூர்லயா?" அன்றிலிருந்து துடைப்பம் தோப்பிலிருந்து வருகிறது. மிச்சப்பட்ட பணத்தில் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட்டோம்.

*

அந்தத் தாழ்ப்பாள் விஷயம். மூன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லை என்று அவள் அம்மா எங்களிடம் சொன்னார். ஏன் கண்ணு என்று கேட்டதற்கு, குடித்தால் ஒன்றுக்கு வரும், அங்கே தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடிக்க வேண்டும், பிடிக்கிறவள் விளையாட ஓடிவிடுவாள் என்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகக் குடிப்பாளாம். ஆய்வுக்கு வருகிற அதிகாரியின் படிவத்தில் 'பெண்கள் கழிப்பறை: உண்டு' என்று இருந்தது. அது உண்மைதான். அங்கே போகிற பிள்ளையின் அம்மாவுக்கு மட்டுமே தெரியும் அந்த 'உண்டு' எவ்வளவு என்று. பெற்றோரைக் குழுவில் வைத்ததன் பயன் இதற்கு மேல் என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

*

கும்பகோணம், 2004 ஜூலை 16. பள்ளித் தீயில் போனவர்கள் 94 பிள்ளைகள். கூரைச் சமையலறை, ஒடுக்கமான மாடிப்படி, ஒரே கட்டடத்தில் நெருக்கி அடைத்த வகுப்புகள். தினமும் எத்தனையோ பெற்றோர் அந்த வாசல்வரை வந்து பிள்ளையை விட்டுப் போனவர்கள்தான். உள்ளே போய்ப் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டென்று யாரும் சொல்லவில்லை. தொடக்கப் பள்ளிக் கட்டடத்துக்குள் நுழையும்போதெல்லாம் நான் முதலில் படியையும் வாசலையும் பார்க்கிறேன். எங்கள் குழுவின் நோட்டில் ஆண்டுக்கு இரண்டு தரம் 'கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தல்' என்று எழுதி வைத்திருக்கிறோம். எழுதினபடி பார்க்கிறோம்.

*

இங்கிலாந்தில் பள்ளிக் குழு உறுப்பினருக்குக் கவர்னர் என்று பேர். நமக்குக் கவர்னர் என்றால் கிண்டி மாளிகைக்காரர். அங்கே அண்டை வீட்டுக்காரரும் கவர்னர், சம்பளம் கிடையாது.

அவர்களுக்கும் இது சும்மா வரவில்லை. 1970களின் நடுவில் லண்டன் இஸ்லிங்டனில் வில்லியம் டின்டேல் என்ற தொடக்கப் பள்ளியில் பெரிய கலகம் நடந்தது. புதுத் தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் பிள்ளைகளைத் தன்போக்கில் விடும் முறையைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைக்குப் படிக்க வரவில்லை என்று பெற்றோர் டி.சி. வாங்கிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். மேற்பார்வைக் குழு பள்ளிக்குள் வர முயன்றது, ஆசிரியர்கள் மறுத்தார்கள், வேலைநிறுத்தம் வரை போனது. விசாரணை அறிக்கை 1976இல் வந்தது. 1977இல் டெய்லர் கமிட்டி ஆசிரியரும் பெற்றோரும் ஊராரும் சமமாக உட்காரும் குழுவைப் பரிந்துரைத்தது. 1980ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோர் கவர்னரைக் கட்டாயமாக்கியது.

இதில் எனக்குப் பட்டது: யார் எதுவரை போகலாம் என்ற கோடு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளைகளின் இரண்டு வருடம் வீணாகியிருக்காது. எங்கள் குழுவிலும் ஒருவர் இருந்தார். வகுப்புக்குள் போய், பாடம் நடக்கும்போதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகள் முன்னாலேயே டீச்சரிடம் "வாய்ப்பாடு ஏன் சொல்லித் தரலை" என்று அதட்டினார். கூட்டத்தில் தலைவியே அவரை நிறுத்தினார். "அண்ணா, எப்படிச் சொல்லித் தரோணும்னு அவீங்களுக்குத் தெரியுமுங். புள்ளைக்கு வந்துச்சா வரலியான்னு நாம கேக்கலாமுங்." நான் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாலும் அந்தக் கோட்டை இதைவிடத் தெளிவாகப் போட்டிருக்க மாட்டேன்.

*

மலேசியாவில் தோட்டப்புறத் தமிழ்ப் பள்ளிகளுக்குப் பள்ளி மேலாளர் வாரியம் என்று ஒன்று உண்டு, அதோடு பெற்றோர் ஆசிரியர் சங்கமும். ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அங்கே நின்று நிலைத்ததில் ரப்பர் பால் எடுத்த கைகளுக்குப் பெரும் பங்குண்டு. இலங்கையில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம். பேர் எதுவானாலும் பெற்றோர் உட்காரும் பாய் ஒன்றுதான்.

*

மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். அறுபது பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், அறுபத்தொன்று முதல் தொண்ணூறு வரை மூன்று என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. எங்களுக்கு அறுபத்து நான்கு. கேட்பது கருணை வேண்டி இல்லை. கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்ற 27ஆம் பிரிவையும் அதிலேயே எழுதினோம். அன்றைக்கு டீச்சரின் முகம் மாறியதைப் பார்த்தேன். குழு தன்னைப் பிடிக்க வந்தது என்று இருந்தவருக்கு, தனக்காகவும் அது எழுதும் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு கூட்டத்தில் பிரச்சனைகளை அவரே முதலில் சொல்லத் தொடங்கினார்.

2022இல் மாநிலத்தில் 13,331 ஆசிரியர் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பச் சொன்னார்கள். தொடக்கப் பள்ளிக்கான இடைநிலை ஆசிரியருக்கு முதலில் சொன்ன மாதச் சம்பளம் 7,500 ரூபாய். இதை நான் ஏற்கவில்லை. நிரந்தர ஆசிரியரைப் போடுவது அரசின் கடமை. நார் மில் கூலியைவிடக் குறைந்த சம்பளத்துக்கு ஒரு பட்டயப் படிப்புக்காரப் பெண்ணை வேலைக்கு வைக்கும் பொறுப்பை அதே நார் மில் தொழிலாளியின் தலையில் வைப்பது குழுவுக்குக் கொடுத்த அதிகாரம் ஆகாது.

*

மலையடிவாரம். காடர், மலசர், மலை மலசர், முதுவர், புலையர், எரவாளர் என்று ஆறு பழங்குடியினர் இந்த மலைகளில் இருக்கிறார்கள். அடிவாரத்துச் சாளையிலிருந்து எங்கள் பள்ளிக்கு ஏழு மலசர் பிள்ளைகள் வருகிறார்கள். யானை இறங்கியிருந்தால் அன்றைக்கு வர மாட்டார்கள். பதிவேட்டில் 'வருகையின்மை' என்று விழும். அவர்கள் அம்மாக்களில் ஒருத்தர் குழுவில் இருக்கிறார், விகிதப்படி. ஆறு மாதம் ஒன்றும் பேசாதவர், சோளக்காட்டு ஓரமாக வரும் பாதையில் புதர் வெட்டிக் கொடுத்தால் யானை நிற்பது தூரத்திலிருந்தே தெரியும் என்றார். புதர் வெட்டப்பட்டது. தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் போக்குவரத்தும் வழிக்காவலரும் அரசுத் திட்டத்திலேயே இருப்பதை அதற்குப் பிறகுதான் தேடிப் பிடித்து விண்ணப்பித்தோம்.

நார் மில்களுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள். நான்கு பிள்ளைகள் படிக்கிறார்கள். எட்டு மாதத்தில் எங்கள் பிள்ளைகளைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசுகிறார்கள். ஓர் ஒடிசா அப்பா கூட்டத்துக்கு வந்து மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார். ஏழு வயதுப் பையன் தீர்மானங்களை ஒவ்வொன்றாக அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, நாங்கள் காத்திருக்கிறோம்.

*

உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கான இரண்டு இடம் எங்கள் பாயில் காலியாகக் கிடக்கிறது. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு இந்த மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். தெருக்குழாய் உடைந்தால் வார்டு மெம்பரிடம் சொல்லிப் பழகிய நாங்கள், பள்ளிச் சுற்றுச்சுவர் பற்றி யாரிடம் சொல்வதென்று தெரியாமல் ஒன்றிய அலுவலகத்துக்கு மூன்று தரம் நடந்தோம். தேர்தலைத் தள்ளிப்போடும்போது தொடக்கப் பள்ளியின் பாய் வரைக்கும் அது வந்து தொடுகிறது.

*

காலைச் சாப்பாடு. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும். எங்கள் குழுவில் முறை வைத்துக்கொண்டு தினம் ஒருவர் ருசி பார்க்கிறோம். என் முறை புதன்கிழமை. ஒரு நாள் பொங்கலில் உப்பு தூக்கலாக இருந்தது. சமைக்கிறவரும் சுயஉதவிக் குழுப் பெண்தான், அவர் பிள்ளையும் இங்கேயே படிக்கிறது. "அடுப்படில ரெண்டு பேரு உப்புப் போட்டுட்டமுங்க்கா" என்றார். பருப்பு வேகவைத்துச் சேர்த்துச் சரிசெய்தார்கள். எட்டரை மணிக்குப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். இதில் நோட்டில் எழுத ஒன்றுமில்லை.

*

அடுத்த கூட்டத்துக்குத் தலைவி சொன்னவை, நான் குறித்துக்கொண்டவை:

சுற்றுச்சுவர், மேற்குப் பக்கம் பன்னிரண்டு அடி. நான்காம் வகுப்பில் இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத மூன்று பிள்ளைகள், சாயங்காலம் யார் உட்கார்ந்து படிக்க வைப்பது. மூன்றாவது டீச்சர், மறுபடி எழுதுவது. அரசின் செயலியில் ஏற்றிய தீர்மானங்களில் எது எது நடந்தது என்று டீச்சர் போனில் எல்லோருக்கும் காட்டுவது.

தொட்டியின் பக்கச்சுவரில் கழுவிய தேதியைப் பெயிண்டால் எழுதுவது என்று சென்ற மாதம் முடிவாகியிருந்தது. நேற்றுப் பிள்ளையைக் கூப்பிடப் போனபோது பார்த்தேன். நீலப் பெயிண்டில், கொஞ்சம் கோணலாக, சனிக்கிழமைத் தேதி. கீழே அடுத்த தேதிக்கு இடம் விட்டிருந்தார்கள்.